கிணறும் புளோரீனும்: உலோகம் தாங்கிய நொதியங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அதைத்தான். நிலத்தில் ஊற்றியது கிணற்றுக்கு வந்து சேரும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்த காலம் நன்றாகவே காட்டியது. எண்ணெயைக் கண்ணால் பார்க்கலாம், மணக்கலாம். இங்கே பேசப்படும், பிஃபாஸ் (PFAS) எனப்படும் புளோரீன் சேர்வைகளுக்கு நிறமும் இல்லை, அந்தச் செறிவில் மணமும் இல்லை. இவற்றை உடைக்கும் நொதியங்கள் பற்றிச் செய்திகள் வரும்போது மாணவரும் ஆசிரியரும் கிணறு வைத்திருப்போரும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

பிஃபாஸ் என்பது ஒரு பொருளா, பல பொருள்களா?

ஆயிரக்கணக்கான பொருள்களைக் கொண்ட ஒரு குடும்பம். காபன் சங்கிலியில் ஐதரசன் இருக்கவேண்டிய இடங்களில் புளோரீன் அமர்ந்திருப்பதே இவற்றின் பொது அடையாளம். அதிகம் பேசப்படுபவை இரண்டு. எட்டுக் காபனும் ஒரு காபொட்சிலிக் அமிலத் தலையும் கொண்டது பிஎஃப்ஓஏ (PFOA). எட்டுக் காபனும் சல்போனிக் அமிலத் தலையும் கொண்டது பிஎஃப்ஓஎஸ் (PFOS). எண்ணெய்த் தீயை அணைக்கும் நுரை, கறை பிடிக்காத துணி, எண்ணெய் ஊறாத உணவுப் பொதி, குரோம் முலாம் பூசும் தொட்டி ஆகியவற்றில் இவையோ இவற்றின் உறவினரோ இருந்திருக்கின்றன. ஒட்டாத தாச்சியின் பூச்சு 1938 இல் ரோய் பிளங்கெற் கண்டுபிடித்த டெஃப்லோன். அது பெரும் பல்பகுதியம். கரைந்து கிணற்றுக்கு வருவது அதுவல்ல, அதன் தயாரிப்பில் நெடுங்காலம் பயன்பட்ட பிஎஃப்ஓஏ போன்ற சிறு மூலக்கூறுகளே.

பிஎஃப்ஓஎஸ் 2009 இலும் பிஎஃப்ஓஏ 2019 இலும், எளிதில் உக்காத மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டொக்ஹோம் சாசனத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இலங்கை 2005 இல் அந்தச் சாசனத்தை ஏற்ற நாடு. அமெரிக்கா 2024 இல் குடிநீருக்கு விதித்த எல்லை, இரண்டில் ஒவ்வொன்றுக்கும் இலீற்றருக்கு 4 நனோகிராம்.

ஏன் இவை மட்டும் உக்குவதில்லை?

காபன்–புளோரீன் பிணைப்பை அறுக்க மூலுக்கு ஏறத்தாழ 485 கிலோயூல் சக்தி வேண்டும். காபன்–ஐதரசனுக்கு 413, காபன்–குளோரீனுக்கு 330 அளவில். ஆனால் பிணைப்பின் வலிமை கதையின் பாதிதான். புளோரீன் அணுக்கள் சங்கிலியைச் சுற்றி நெருக்கமாக நின்று, காபனை எட்ட வரும் எதையும் மறித்துவிடுகின்றன. ஒரு நொதியம் முதலில் ஏதாவது ஒரு பிடியைத் தேடும்: ஓர் ஐதரசன், ஓர் இரட்டைப் பிணைப்பு, நீரில் விலகக்கூடிய ஒரு கூட்டம். பிஎஃப்ஓஏயின் சங்கிலியில் இவை எதுவும் இல்லை.

இங்கே ஒரு பொதுவான தவறான எண்ணத்தைத் திருத்தவேண்டும். புளோரீனை விடுவிக்கும் தாக்கங்களில் பல சக்தியை வெளிவிடுபவை. புளோரைட்டு நீரில் மிக உறுதியாகக் கரைந்து நிற்பதால் மொத்தக் கணக்கில் இலாபமே. தடை இறுதியில் அல்ல, தொடக்கத்தில் இருக்கிறது. அந்தத் தொடக்கத் தடையைத் தாண்ட உதவும் பொருளாகவே உலோகத்தைப் பார்க்கவேண்டும்.

நொதியம் புரதம்தானே, அதற்குள் உலோகம் எதற்கு?

கத்தரிக்காயை வெட்டி வைத்தால் சற்று நேரத்தில் கறுக்கிறது. அதைச் செய்வது இரண்டு செப்பு அணுக்களைத் தாங்கிய ஒரு நொதியம். காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்து, காயிலுள்ள பீனோல்களை ஒட்சியேற்றுகிறது. வெட்டிய துண்டுகளைத் தண்ணீருக்குள் போடுவது ஒட்சிசன் எட்டாமல் வைக்க. தேசிக்காய்ச்சாறு விடுவது அந்த நொதியத்துக்கு ஒவ்வாத அமிலத்தன்மையை உண்டாக்க.

புரதத்தின் அமினோ அமிலங்களால் இலத்திரனை ஒவ்வொன்றாகக் கொடுத்து வாங்குவது கடினம். ஒட்சிசன் மூலக்கூற்றையும் அவை எளிதில் ஏவமாட்டா. இரும்பு, செப்பு, கோபோல்ற்று, மங்கனீசு போன்றவை பல ஒட்சியேற்ற நிலைகளில் நிற்கக்கூடியவை என்பதால் இந்த இரண்டு வேலையும் அவற்றுக்கு இயல்பு. புரதம் அந்த உலோகத்தைச் சரியான இடத்தில், சரியான அயலோடு பிடித்து வைக்கிறது. ஒரே இரும்பு அயல் மாறினால் வேறு வேலை செய்யும்.

இரும்பு நொதியம் புளோரீனை எப்படிக் கழற்றுகிறது?

இதை விரிவாகச் சொல்லவேண்டும். தாக்கம் எங்கே ஓடும், எங்கே நின்றுவிடும் என்பது இதில் தெளிவாகத் தெரியும்.

எங்கள் ஈரலிலும் பங்கசுகளிலும் உள்ள சைற்றோகுரோம் பி450 என்ற நொதியத்தின் நடுவில் ஹீம் வளையத்தில் ஓர் இரும்பு. அது ஒட்சிசனைப் பிளந்து, நான்காம் ஒட்சியேற்ற நிலையில் ஓர் ஒட்சிசனைத் தாங்கிய மிகத் தீவிரமான இடைநிலையாக மாறுகிறது. அந்த இடைநிலை அருகிலுள்ள காபனிலிருந்து ஐதரசனைப் பறித்து, அதே இடத்தில் ஒரு ஐதரொட்சில் கூட்டத்தை வைக்கிறது. அந்தக் காபனில் புளோரீனும் இருந்தால், ஒரே காபனில் புளோரீனும் ஐதரொட்சிலும் சேர்ந்து நிற்கும். அந்த அமைப்பு நிலைக்காது. ஐதரசன் புளோரைட்டு தானாக விலகிவிடும். நொதியம் காபன்–புளோரீன் பிணைப்பை நேரே தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பக்கத்திலுள்ள ஐதரசனைத் தொட்டது, மீதியை இரசாயனம் முடித்தது.

ஆகவே சங்கிலியில் ஐதரசன் மிஞ்சியிருக்கும் சேர்வைகளில் இந்த வழி ஓடும். ஆறு காபன் புளோரீனோடும் இரண்டு காபன் ஐதரசனோடும் உள்ள 6:2 புளோரோதெலோமர் அற்ககோல் நல்ல எடுத்துக்காட்டு. நாகத்தைத் தாங்கிய அற்ககோல் ஐதரசன்நீக்கி நொதியங்கள் அற்ககோலை அல்டிகைட்டாக மாற்றக்கூடும். அது அமிலமாகும். அமிலத்திலிருந்து ஒரு ஐதரசன் புளோரைட்டு விலகி இரட்டைப் பிணைப்பு உண்டாகும். சில சூடோமோனசு பற்றீரியாக்களில் இரட்டை இரும்பு கொண்ட அல்கேன் ஒட்சியேற்றிகளும், வெண்ணுக்கல் பங்கசான பனரோகீற் கிரைசோஸ்போரியத்தில் பி450 நொதியங்களும் இந்தப் பாதையில் ஈடுபடுகின்றன. ஆனால் கடைசியில் மிஞ்சுபவற்றில் ஐந்து, ஆறு காபன் கொண்ட முழுப்புளோரீன் அமிலங்களும் உண்டு. ஐதரசன் முடிந்த இடத்தில் இரும்பின் வேலையும் முடிகிறது.

வளையச் சேர்வைகளில் இரும்பு இன்னும் எளிதாக வெல்லும். ஈரலிலுள்ள பீனைலலனீன் ஐதரொட்சிலேற்றி, ஹீம் இல்லாத இரும்பைத் தாங்கியது. 4-புளோரோபீனைலலனீனிலிருந்து புளோரீனை அகற்றி அதைத் தைரோசினாக மாற்றும் என்பது 1961 இலேயே காட்டப்பட்டுவிட்டது.

செப்பு நொதியமான இலக்கேசு பற்றி அதிகம் பேசுகிறார்களே?

இலக்கேசு 1883 இல் ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலில் கண்டறியப்பட்டது. நான்கு செப்பு அணுக்கள் உண்டு. முதல் செப்பு ஒரு நேரத்தில் ஒரு இலத்திரனாகக் கீழ்ப்படையிலிருந்து (நொதியம் தாக்கும் பொருளிலிருந்து) எடுக்கிறது. நொதியத்தின் நீல நிறத்துக்கும் அதுவே காரணம். மற்ற மூன்றும் ஒரு கூட்டாக நின்று, நான்கு இலத்திரன் சேர்ந்ததும் ஒட்சிசனை நீராக்குகின்றன. ஐதரசன் பெரொட்சைட்டுத் தேவையில்லை, காற்றுப் போதும். அதனால்தான் கழிவுநீர் ஆய்வாளர்களுக்கு இதில் இவ்வளவு விருப்பம்.

ஆனால் முதற் செப்பின் மின்னழுத்தம், அதாவது இலத்திரனைப் பறிக்கும் வலிமை, 0.4 முதல் 0.8 வோற்று வரைதான். ஐதரொட்சில் மூலிகத்தின் (சோடியில்லா இலத்திரன் கொண்ட தீவிரத் துணிக்கையின்) மின்னழுத்தம் 2.7 வோற்றுக்கு மேல், அதுகூட பிஎஃப்ஓஏயை அசைக்கத் திணறுகிறது. எனவே இலக்கேசு தனியே பிஎஃப்ஓஏயிடமிருந்து இலத்திரனைப் பறிக்கும் என்று யாராவது சொன்னால் ஏற்கவேண்டாம். இடையில் ஒரு நடுவர் மூலக்கூறு வேண்டும். இலக்கேசு அதை மூலிகமாக்கும், மூலிகம் மற்றதைத் தாக்கும். 2015 இல் ஜோர்ஜியாப் பல்கலைக்கழகக் குழு, 1-ஐதரொட்சிபென்சோதிரையசோலை நடுவராகச் சேர்த்து, பிஎஃப்ஓஏயில் ஏறத்தாழ அரைவாசி 157 நாளில் குறைந்ததாக வெளியிட்டது. கரைசலிலுள்ள செப்பு அயன் பிஎஃப்ஓஏயின் அமிலத் தலையோடு பிணைந்து, அதை மூலிகத்துக்கு அருகில் கொண்டுவருகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இங்கே உலோகம் இரண்டு இடத்தில் வேலை செய்கிறது: நொதியத்துக்குள்ளும் வெளியிலும்.

கோபோல்ற்று? அது விற்றமின் பி12 இல் உள்ளதல்லவா?

அதேதான். மேலே சொன்ன இரண்டும் இலத்திரனைப் பறிக்கும் வழிகள். கோபோல்ற்று வழி நேரெதிர்: இலத்திரனைத் திணிக்கும் வழி. ஒட்சிசன் இல்லாத சேற்றில் வாழும் சில பற்றீரியாக்களில் அலசன்களை (குளோரீன், புளோரீன் போன்றவற்றை) தாழ்த்தி நீக்கும் நொதியம் உண்டு. அதற்குள் பி12 வகை மூலக்கூறு ஒன்றும் இரண்டு இரும்பு–கந்தகக் கொத்துகளும் இருக்கும். கொத்துகள் கம்பி போல இலத்திரனை உள்ளே கடத்த, கோபோல்ற்று மிகத் தாழ்ந்த முதலாம் ஒட்சியேற்ற நிலைக்கு வந்து தாக்குகிறது. குளோரீன் சேர்வைகளில் இது நன்கு நிறுவப்பட்ட வேலை.

புளோரீனில் எல்லை குறுகியது. நொதியமே இல்லாமல், 260 மைக்ரோமூலர் பி12 ஐ 36 மில்லிமூலர் தைத்தேனியம் சித்திரேற்றோடு, 70 பாகை செல்சியஸில், பிஎச் 9 இல் வைத்த 2008 ஆம் ஆண்டுப் பரிசோதனையில் கிளைத்த பிஎஃப்ஓஎஸ் சிதைந்தது, நேர்ச்சங்கிலி அசையவில்லை. நேர்ச்சங்கிலிதான் விற்பனைச் சரக்கில் பெரும்பங்கு. இந்த ஒரு முடிவை மனத்தில் வைத்தால் பல விளம்பரங்களை எடைபோடலாம்.

2019 இல் பிரின்ஸ்ரன் ஆய்வாளர் இருவர், நியூ ஜேர்சி ஈரநிலமொன்றிலிருந்து எடுத்த அசிடிமைக்குரோபியம் ஏ6 என்ற பற்றீரியா, பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டையும் 100 நாளில் 60% வரை குறைத்ததாகக் காட்டினர். அமோனியத்தை ஒட்சியேற்றி, இரும்பு (மூன்று) மீது இலத்திரனைக் கொட்டி வாழும் உயிர் அது. அமிலத்தன்மையான, ஒட்சிசன் அற்ற சூழல் அதற்கு வேண்டும்.

உலோகம் இல்லாமலும் புளோரீனைக் கழற்றும் நொதியம் உண்டா?

உண்டு. புளோரோஅசற்றேற்று அலசன்நீக்கி, அஸ்பார்ற்றிக் அமிலம் ஒன்றால் பின்புறமிருந்து தாக்கி நீர்ப்பகுப்புச் செய்கிறது. விலகும் புளோரைட்டைத் தாங்க ஒரு சிறு குழி அதற்குள் இருக்கிறது. ஒரே ஒரு புளோரீன் கொண்ட சேர்வையில் மிகத் திறமையாகவும், இரண்டில் தளர்வாகவும் வேலை செய்யும். மூன்று புளோரீன் ஒரே காபனில் வந்தால் பின்புற வழி அடைபடும்.

இலக்கேசால் பாதி குறைய 157 நாள் என்றால், அமெரிக்க எல்லைக்கு இறங்க எவ்வளவு?

முதல்வரிசைத் தாக்கம், அதாவது ஒவ்வொரு நாளும் மிஞ்சியதில் ஒரே பங்கு குறையும் என்று கொள்வோம். வேக மாறிலி நாளுக்கு 0.0044. இலீற்றருக்கு 100 நனோகிராமை 4 ஆக்க, 25 இன் இயற்கை மடக்கையான 3.22 ஐ 0.0044 ஆல் பிரிக்கவேண்டும். ஏறத்தாழ 730 நாள், இரண்டு வருடம். அத்தனை காலமும் நொதியம் உயிர்ப்போடு இருக்காது. பல முறை புதிதாகச் சேர்க்கவேண்டும். நடுவர் மூலக்கூறும் தண்ணீரில் சேரும், அதையும் பிறகு அகற்றவேண்டும். ஆய்வு மதிப்புமிக்கது. குடிநீர்த் திட்டமாக அது இன்னும் ஆகவில்லை.

"90% நீங்கியது" என்று ஒரு கட்டுரை சொல்கிறது. நம்பலாமா?

நீங்கியது வேறு, உடைந்தது வேறு. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் குழப்புவதால் வருபவை. பிஃபாஸ் மூலக்கூறுகள் கண்ணாடிச் சுவரில், பங்கசு நாரில், புரதத்தில், வடிதாளில் ஒட்டிக்கொள்ளும். கரைசலை மட்டும் அளந்தால் அது "நீங்கியதாக"த் தெரியும்.

ஒரு முடிவைப் பார்க்கும்போது இவற்றைத் தேடுங்கள். கொதிக்கவைத்துக் கொன்ற நொதியத்தோடு அதே காலம் வைத்த கட்டுப்பாட்டுச் சோதனை உண்டா? பாத்திரத்தையும் கழிவுப் படிவையும் மெதனோலால் கழுவி அதையும் அளந்தார்களா? விடுபட்ட புளோரைட்டை அளந்தார்களா? ஒரு பிஎஃப்ஓஏயில் 15 புளோரீன். முழுதும் உடைந்தால் 1 மில்லிகிராமிலிருந்து 0.69 மில்லிகிராம் புளோரைட்டு வரவேண்டும். பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு 0.65. ஆனால் சங்கிலி ஒரு காபனால் மட்டும் குறுகினால் விடுபடுவது இரண்டு புளோரைட்டு மட்டுமே. அப்போது பிஎஃப்ஓஏ "நூறு வீதம் நீங்கியது", புளோரீனில் 13% தான் வெளிவந்தது. மீதி ஏழு காபன் அமிலமாக அப்படியே தண்ணீரில் இருக்கிறது.

2025 இல் வெளியான லாப்ரிஸ் போர்த்துகலென்சிஸ் பற்றிய ஆய்வு, 100 நாளில் பிஎஃப்ஓஎஸ் 90% இற்கு மேல் குறைந்ததோடு புளோரைட்டையும் குறுகிய சங்கிலி விளைபொருள்களையும் தேடி அளந்தது. இப்படிச் செய்பவர்களையே நாங்கள் முதலில் வாசிக்கிறோம்.

புளோரைட்டை மின்வாயால் அளக்கும்போது என்ன பிழை வரும்?

0.221 கிராம் சோடியம் புளோரைட்டை ஒரு இலீற்றரில் கரைத்தால் இலீற்றருக்கு 100 மில்லிகிராம் புளோரைட்டு நியமம் கிடைக்கும். அதிலிருந்து 10, 1, 0.1 என ஐதாக்குங்கள், பிளாஸ்ரிக் பாத்திரத்தில். மாதிரியையும் அயன்வலிமை சீராக்கும் தாங்கற்கரைசலையும் சம கனவளவில் கலக்கவேண்டும். அந்தக் கரைசல் பிஎச் ஐ 5 முதல் 5.5 வரை பிடித்து வைக்கும். அதற்குக் கீழே புளோரைட்டு ஐதரசன் புளோரைட்டாக மாறி மறையும். மேலே போனால் ஐதரொட்சைட்டு அயனை மின்வாய் புளோரைட்டு என்று எண்ணும். 25 பாகையில் பத்து மடங்கு மாற்றத்துக்கு 56 முதல் 59 மில்லிவோற்று சரிவு வரவேண்டும். 50 இற்குக் கீழென்றால் மின்வாயின் பளிங்கைச் சுத்தம் செய்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள்.

இரும்பும் அலுமினியமும் புளோரைட்டைப் பிடித்து மறைக்கும். இரும்பு சேர்த்த ஊடகத்தில் வளர்த்த பற்றீரியாவை அளப்பவர் இதில் அடிக்கடி தவறுவர். தாங்கற்கரைசலிலுள்ள கொடுக்கிணைப்பான் அந்தப் பிடியை விடுவிக்கவே சேர்க்கப்படுகிறது, அதற்கு நேரம் கொடுங்கள்.

கிணற்றுநீரில் நேரே இந்த முறையால் பிஃபாஸ் உடைவைக் காண இயலாது. இலீற்றருக்கு 100 நனோகிராம் பிஎஃப்ஓஏ முழுதும் உடைந்தாலும் வருவது 69 நனோகிராம். கிணற்றில் இயற்கையாக 0.3 மில்லிகிராம் புளோரைட்டு இருந்தால் அது இதைப்போல நான்காயிரம் மடங்குக்கும் மேல்.

யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் இந்த நொதியங்கள் வேலை செய்யுமா?

வெளிநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் செய்யப்பட்டவை. எங்கள் தண்ணீர் அப்படியல்ல. நான்கு இடத்தில் இடிக்கும்.

முதலாவது கல்சியம். இலீற்றருக்கு 100 மில்லிகிராம் கல்சியம் இருந்தால், கல்சியம் புளோரைட்டின் கரைதிறன் பெருக்கப்படி, புளோரைட்டு ஏறத்தாழ 2.2 மில்லிகிராமைத் தாண்டியதும் வீழ்படியத் தொடங்கலாம். உயர்செறிவு மாதிரியோடு பரிசோதனை செய்து "புளோரைட்டு வரவில்லை" என்று முடிவெடுத்தால், அது அடியில் வெள்ளைப் படிவாகக் கிடக்கக்கூடும்.

அடுத்தது சுண்ணக்கல் நீரின் காரத்தன்மை. பிஎச் 7 இற்கும் 8 இற்கும் இடையில் பைக்காபனேற்றுத் தாங்கலோடு நிற்கும் நீர் இது. பங்கசு இலக்கேசுகள் பல 4 முதல் 5 வரையில் நன்றாக ஓடுபவை. பிஎச் ஏற ஏற ஐதரொட்சைட்டு அயன் செப்புக் கூட்டில் ஒட்டி வேலையை நிறுத்தும். அமிலம் விட்டு இறக்கலாம், ஆனால் பைக்காபனேற்று முழுதும் காபனீரொட்சைட்டாக நுரைத்து வெளியேறும் வரை பிஎச் இறங்காது. ஏ6 பற்றீரியாவுக்கும் இதே சிக்கல்.

குளோரைட்டு மூன்றாவது. கரையோரக் கிணறுகளில் கோடையில் உவர் ஏறும். இலீற்றருக்கு 1,000 மில்லிகிராம் குளோரைட்டு என்றால் 28 மில்லிமூலர். பல இலக்கேசுகளைத் தளர்த்த அது போதும். இன்னும் கவனிக்கவேண்டியது: விடுபடும் புளோரைட்டே இலக்கேசின் செப்புக் கூட்டில் ஒட்டி வேலையைத் தடுக்கும் நிரோதி. தாக்கம் வெற்றியாக ஓடினால் தன் விளைபொருளாலேயே மெதுவாகும்.

நான்காவது நைத்திரேற்று. செம்மண் தோட்டங்களின் பசளையாலும் மலகூடக் குழிகளாலும் எங்கள் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கிறது. தாழ்த்தும் வழியில் செல்லும் பற்றீரியாவுக்குக் கொடுக்கும் இலத்திரனை நைத்திரேற்றுத் தாழ்த்திகள் முதலில் எடுத்துக்கொள்ளும். நைத்திரேற்று முடியும் வரை கோபோல்ற்று நொதியத்துக்கு வேலை வராது.

விடுபடும் புளோரைட்டு பற்றீரியாவைக் கொல்லாதா?

கொல்லும், வெளியேற்ற வழி இல்லாவிட்டால். மகனீசியம் தாங்கிய ஈனொலேசு என்ற நொதியத்தை புளோரைட்டு முடக்கி, குளுக்கோசு உடையும் பாதையை நிறுத்தும். ஆகவே பல பற்றீரியாக்கள் புளோரைட்டைத் தள்ளும் கால்வாய்ப் புரதத்தை வைத்திருக்கின்றன. இரட்டைப் பிணைப்புள்ள புளோரீன் அமிலங்களை உடைக்கும் அசற்றோபற்றீரியத்தில் இந்தத் தள்ளும் ஏற்பாடும் சேர்ந்து இயங்குவதை 2024 இல் வெளியான ஆய்வு சுட்டியது. நொதியத்தை மட்டும் வேறு உயிரில் ஏற்றி, வெளியேற்றும் வழியை மறந்தால் வளர்ப்பு சில நாளில் தளர்ந்துவிடும்.

சிப்பிக் காளான் வளர்த்த வைக்கோலில் இலக்கேசு இருக்கிறதாமே? எடுப்பது எப்படி?

இருக்கிறது, அறுவடை முடிந்த பையிலும் கூட. வெண்ணிழை முழுதும் பரவிய வைக்கோல் 10 கிராமை நறுக்கி, 50 மில்லிமூலர் அசற்றேற்றுத் தாங்கற்கரைசல், பிஎச் 5, 50 மில்லிலீற்றரில் போட்டு, குளிரில் இரண்டு மணித்தியாலம் குலுக்குங்கள். மெல்லிய துணியால் வடித்து, மையநீக்கியில் 20 நிமிடம் சுற்றி, மேல்நீரைப் பனியில் வையுங்கள். பச்சைப் பூஞ்சணம் பிடித்த பையை எடுக்கவேண்டாம். அதன் புரதம் உடைக்கும் நொதியங்கள் உங்கள் இலக்கேசையும் தின்னும்.

உயிர்ப்பை அளக்க ஏபிடிஎஸ் என்ற நிறமியாக்கி நல்லது. குவளையில் மொத்தம் 1 மில்லிலீற்றர், அதில் நொதியச் சாறு 0.05 மில்லிலீற்றர், ஏபிடிஎஸ் 0.5 மில்லிமூலர். 420 நனோமீற்றரில் உறிஞ்சல் ஏறுவதை ஒரு நிமிடம் பாருங்கள். மூலர் உறிஞ்சற் குணகம் 36,000. நிமிடத்துக்கு 0.36 ஏறினால், சாற்றில் மில்லிலீற்றருக்கு 0.2 அலகு. கோடு வளைந்தால் சாறு செறிவு, பத்து மடங்கு ஐதாக்குங்கள். சாற்றின் கபில நிறம் தரும் தொடக்க உறிஞ்சலைக் கழிக்க மறக்கவேண்டாம். கொதிக்கவைத்த சாறும் நிறம் கொடுத்தால் அது இலக்கேசு அல்ல, மங்கனீசோ வேறு ஒட்சியேற்றியோ ஆகலாம்.

இந்தச் சாற்றை பிஃபாஸ் தண்ணீரில் ஊற்றினால் பிஃபாஸ் உடையும் என்று இதிலிருந்து முடிவெடுக்கக்கூடாது. நொதியம் இருக்கிறது என்பதை மட்டுமே இது காட்டும்.

பல்கலைக்கழக மாணவர் ஒரு பிற்பகலில் காபன்–புளோரீன் பிணைப்பு உடைவதைக் காணமுடியுமா?

முடியும், பிஃபாஸ் இல்லாமலே. 4-புளோரோபீனோலும் முள்ளங்கிக் குடும்பத்துப் பெரொட்சிடேசும் போதும். அதிலும் ஹீம் இரும்பு உண்டு. புகையறைக்குள், கையுறையோடு, 5.6 மில்லிகிராம் 4-புளோரோபீனோலை 50 மில்லிலீற்றர் பொசுபேற்றுத் தாங்கற்கரைசலில், பிஎச் 7 இல் கரையுங்கள், 1 மில்லிமூலர் ஆகும். நொதியத்தைச் சேர்த்தபின் 3% ஐதரசன் பெரொட்சைட்டை ஐந்து நிமிடத்துக்கொரு முறை 6 மைக்ரோலீற்றராக, பத்துத் தடவை விடுங்கள். ஒரேயடியாக விட்டால் பெரொட்சைட்டு நொதியத்தின் ஹீமையே அழித்து, முதல் நிமிடத்தோடு தாக்கம் நின்றுவிடும். கபிலப் படிவு தோன்றும். வடித்துவிட்டு மின்வாயால் அளக்கவும். முழுதும் விடுபட்டால் இலீற்றருக்கு 19 மில்லிகிராம். அதற்குக் குறைவாகவே வரும், ஏனெனில் பீனோல் மூலிகங்களில் ஒரு பகுதி புளோரீனை வைத்துக்கொண்டே ஒன்றோடொன்று இணையும். பெரொட்சைட்டு இல்லாத குவளையும், கொதித்த நொதியக் குவளையும் பக்கத்தில் கட்டாயம் இருக்கவேண்டும்.

கிணற்றுக்குள் ஒரு போத்தல் நொதியத்தை ஊற்றினால் போதாதா?

இல்லை. நொதியம் புரதம், கிணற்றுப் பற்றீரியாவுக்கு அது உணவு. தண்ணீர் கலங்கி, ஒட்சிசன் குறைந்து, முன்னிருந்ததைவிட மோசமாகும். நடுவர் மூலக்கூறுகளைக் குடிநீரில் விடவே கூடாது.

கொதிக்கவைத்தால், படிகாரம் போட்டால், சிரட்டைக் கரியால் வடித்தால்?

கொதிக்கவைப்பது பயனற்றது. நீர் ஆவியாக, மிஞ்சியதில் செறிவு சற்று ஏறும். படிகாரம் கலங்கலைப் படியவைக்கும், கரைந்த பிஃபாஸ் பெரும்பாலும் அப்படியே நிற்கும். அடுப்பில் எடுத்த சிரட்டைக் கரியும் உயிர்ப்பூட்டிய கரியும் ஒன்றல்ல. பின்னையது 800 பாகைக்கு மேல் நீராவியில் துளையிடப்பட்டு, கிராமுக்கு ஆயிரம் சதுர மீற்றர் அளவில் மேற்பரப்புக் கொண்டது. தேங்காய்ச் சிரட்டையிலிருந்து அதைச் செய்வதில் இலங்கைக்கு நல்ல பெயர் உண்டு. எட்டுக் காபன் சேர்வைகளை அது நன்றாகப் பிடிக்கும், நாலு காபன் சேர்வைகள் விரைவில் தாண்டிவரும். நீர் கரிக்குள் பத்து நிமிடமாவது தங்கவேண்டும். நேர்மாறு சவ்வூடு பரவல் இரண்டையும் பிடிக்கும், ஆனால் கழிவாக வெளியேறும் நீரில் அவை செறிந்து நிற்கும். அந்த நீரைக் கிணற்றடியில் விட்டால் சுற்றித் திரும்பி வரும்.

எங்கள் கணிப்பில் நொதியத்துக்கு உரிய இடம் இங்கேதான். கிணற்றில் அல்ல, கரியிலோ சவ்விலோ செறித்து எடுத்த சிறு கனவளவில். அங்கே பிஎச் ஐயும் உப்பையும் ஒட்சிசனையும் நாம் விரும்பியபடி வைக்கலாம்.

கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுப்பதென்றால் மாதிரி எப்படி எடுப்பது?

250 மில்லிலீற்றர் பொலிபுரொப்பிலீன் போத்தல், ஆய்வுகூடம் தருவதையே பயன்படுத்துங்கள். கண்ணாடி வேண்டாம். குழாய்ப் பொருத்துகளில் சுற்றும் வெள்ளை நாடா டெஃப்லோன்தான், அந்த இணைப்புக்குப் பின்னால் மாதிரி எடுக்காதீர்கள். நீர்புகாத மழைக்கவசம் போட்டிருக்கவேண்டாம், கையில் கிறீம் பூசியிருக்கவேண்டாம். நைத்திரைல் கையுறை அணிந்து, பம்பை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, வடிக்காமல் நிரப்புங்கள். வடிதாள் பிஃபாஸை உறிஞ்சும். காய்ச்சி வடித்த நீர் நிரப்பிய வெற்று மாதிரி ஒன்றையும் அதே இடத்தில் திறந்து மூடி அனுப்புங்கள். அதில் பிஃபாஸ் தெரிந்தால் பிழை கிணற்றிலல்ல, கையாளுகையில். பனிக்கட்டியோடு 10 பாகைக்குக் கீழே அனுப்பவேண்டும். எந்த முறையால் அளக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகத்தின் முறை 537.1 என்றால் 14 நாளுக்குள்ளும், 533 என்றால் 28 நாளுக்குள்ளும் பிரித்தெடுத்து முடிக்கவேண்டும்.

பழைய நுரைத் தீயணைப்பான் ஒன்று களஞ்சியத்தில் கிடக்கிறது. என்ன செய்வது?

எண்ணெய்த் தீக்குரிய நீர்ப்படல நுரை வகை என்று எழுதியிருந்தால் அதில் பிஃபாஸ் இருக்க வாய்ப்பு மிக அதிகம். பயிற்சிக்காகவோ வெறுமையாக்கவோ முற்றத்தில் அடிக்காதீர்கள். மண்ணுக்குக் கீழே சில அடியில் சுண்ணக்கல், அதற்குக் கீழே பக்கத்து வீட்டுக் கிணறும் உங்கள் கிணறும் ஒரே நீர். மூடியை இறுக்கி, நிமிர்த்தி, நிழலில், சீமெந்துத் தரையில் ஒரு பிளாஸ்ரிக் தொட்டிக்குள் வையுங்கள். பெயர்த்தாளைப் படமெடுத்து, தயாரித்த ஆண்டையும் கனவளவையும் குறித்து, ஆபத்தான கழிவாக ஏற்கும் உரிமம் உள்ளவரிடம் ஒப்படைக்கும்வரை அங்கேயே இருக்கட்டும். கசிவு கண்டால் மரத்தூளால் ஒற்றி, அந்தத் தூளையும் தடித்த பொலித்தீன் பையில் கட்டி அதே தொட்டிக்குள் வையுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவவேண்டாம்.